‘ரெடி’ வெளிச்சம் அணைந்தால்: ஹைபிரிட் கார் ஓட்டும் தங்கச்சிமாருக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, உங்களிடம் இருப்பது அக்வாவோ, பிரியஸோ, அக்ஸியோவோ, வெசலோ, எதுவாகவும் இருக்கட்டும். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று டாஷ்போர்ட் முழுக்க வெளிச்சங்கள் எரிந்து, ‘ரெடி’ மட்டும் அணைந்து, அக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் கார் இழுக்காமல் போகலாம். எல்லாருக்கும் நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. அதனால் ஜப்பானில் சில வருடம் ஓடி இங்கே வந்த 2012, 2014ஆம் ஆண்டுக் கார்களைத்தான் எங்களில் பலர் இன்னும் ஓட்டுகிறோம். பத்து வருடம் கடந்த பற்றரியும் வயரும் பம்பும் ஒரு நாள் தளரத்தான் செய்யும்.

நான் இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கார் நின்றவுடன் பெண்களிடம் எல்லாரும் சொல்வது ஒன்றே ஒன்று: “ஹைபிரிட் பற்றரி போயிட்டுது, மாத்தவேணும்.” பல இலட்சம் ரூபாய்ச் செலவு. உண்மையில் அந்தப் பெரிய பற்றரியில் கைவைக்கும் முன் பார்க்கவேண்டிய சின்னச் சின்ன விடயங்கள் நிறைய உண்டு. அவற்றை நீங்களே தெரிந்து வைத்திருந்தால் காசும் மிஞ்சும், நடுவீதியில் பயமும் குறையும்.

அந்த முதல் நிமிடம்

முதலில் உயிர். பிறகுதான் கார்.

பவர் போனவுடன் கால் தானாக அக்சிலேட்டரை அமத்தும். எடுத்துவிடுங்கள். ஹசார்ட் லைற்றைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, இடப்பக்கம் ஒதுங்குங்கள். கார் இன்னும் உருளும் வேகத்தை ஒதுங்குவதற்குத்தான் பாவிக்கவேண்டும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்துங்கள். பெடல் வழமையைவிட இறுக்கமாக இருந்தால் பலத்தைக் கூட்டுங்கள். ஸ்டியரிங் பாரமாக இருந்தால் இரண்டு கையாலும் பிடியுங்கள். கார் உருண்டுகொண்டிருக்கும்போது பவர் பட்டனையும் பார்க் பட்டனையும் தொடவேண்டாம்.

பிரேக்கும் ஸ்டியரிங்கும் அந்த நேரத்தில் முழுதாகக் கைவிடுமா என்றுதான் எல்லாரும் பயப்படுவார்கள். 2018 ஒக்டோபரில் டொயோட்டா உலகம் முழுவதும் 24 இலட்சத்துக்கும் அதிகமான பிரியஸ், ஓரிஸ் ஹைபிரிட் கார்களைத் திருப்பி அழைத்தது. ஹைபிரிட் அமைப்பில் கோளாறு வந்தால் மெதுவாக ஓடும் பாதுகாப்பு நிலைக்குக் கார் மாறவேண்டும். சில அரிய சந்தர்ப்பங்களில் அப்படி மாறாமல் பவர் முழுதாகப் போய் நின்றுவிடலாம் என்பதுதான் காரணம். அப்போதும் பவர் ஸ்டியரிங்கும் பிரேக்கும் வேலை செய்யும் என்று அந்த நிறுவனமே சொன்னது. ஏனென்றால் இந்த இரண்டும் உயிரோடு இருப்பது 12 வோல்ட் சின்னப் பற்றரியில் மிஞ்சியிருக்கும் மின்சாரத்தால். ஆனால் ‘ரெடி’ அணைந்துவிட்டால் அந்தச் சின்னப் பற்றரிக்குச் சார்ஜ் ஏறாது, இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே ஏசியையும் பாட்டையும் நிற்பாட்டுங்கள். ஹசார்ட் மட்டும் போதும்.

பவர் முழுதாகப் போகாமல், கார் ஊர்ந்து ஊர்ந்து போகிறதா? அப்படியென்றால் பாதுகாப்பான இடம் வரும்வரை ஓஃப் பண்ணாதீர்கள். “ஒருக்கா ஓஃப் பண்ணிப் போட்டால் சரிவரும்” என்று பக்கத்து சீற்றில் இருப்பவர் சொல்வார். ஓஃப் பண்ணினால் திரும்ப ‘ரெடி’ வராமலே போகலாம். ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் நடுவில், இரவில், வளைவில் காரை அப்படி நிற்பாட்டிவிட்டு இருப்பதைவிட, ஊர்ந்துகொண்டு ஒரு கடை வெளிச்சம் வரை போய்ச் சேர்வது நல்லது.

ஒதுங்கியபின் பார்க்கில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, பிள்ளைகளை இடப்பக்கக் கதவால் இறக்குங்கள். வாகனங்கள் வரும் பக்கம் யாரும் இறங்கவேண்டாம். அதிவேக வீதியென்றால் காருக்குள் இருக்காமல் பாதுகாப்புக் கம்பிக்கு அப்பால் நின்று 1969க்கு எடுங்கள். வேறு வீதிகளில் பயமாக இருந்தால் பொலிஸ் 119. தனியாக இருந்தால் வாட்ஸ்அப்பில் இருக்கும் இடத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, போனின் சார்ஜை மிச்சம் பிடியுங்கள். எரிந்த மணமோ புகையோ வந்தால் காரை விட்டு விலகி நில்லுங்கள். பொனற்றைத் திறந்து பார்க்கவேண்டாம்.

எல்லாம் அமைதியானபிறகு காரை ஓஃப் பண்ணி, அரை மணித்தியாலம் ஆறவிட்டு, பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்திப் பாருங்கள். சூட்டால் நின்ற காராக இருந்தால் ‘ரெடி’ திரும்ப வரலாம். வந்தால் அதைப் பக்கத்துக் கராஜ் வரை மெதுவாகப் போவதற்கு மட்டும் பாவியுங்கள். கொழும்பு வரை போய்ப் பார்ப்போம் என்று நினைக்கவேண்டாம்.

ஓஃப் பண்ணும் முன் இன்னொரு வேலை: டாஷ்போர்ட்டைப் போனால் படம் எடுங்கள். எங்கள் கார்களில் அறிவிப்பெல்லாம் ஜப்பான் மொழியில்தான் வரும். போனில் இருக்கும் மொழிபெயர்ப்பு ஆப் அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடும். கராஜ்காரருக்கும் அந்தப் படம் பெரிய உதவி, ஏனென்றால் கார் அங்கே போய்ச் சேரும்போது வெளிச்சங்கள் மாறியிருக்கலாம்.

சின்னப் பற்றரியை முதலில் பாருங்கள்

ஹைபிரிட் காரில் இரண்டு பற்றரி. பிரியஸின் பெரிய பற்றரி 201.6 வோல்ட், 28 துண்டுகளைத் தொடராக இணைத்தது. அக்வாவில் அப்படி 20 துண்டுகள், 144 வோல்ட். காரை இழுப்பதும் எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுவதும் இந்தப் பெரியது. ஆனால் அந்தப் பெரியதைத் திறந்துவிடும் ரிலேக்களும், காரின் கம்பியூட்டர்களும் இயங்குவது 12 வோல்ட் சின்னப் பற்றரியில். வீடு எவ்வளவு பெரிதானாலும் வாசல் சாவி இல்லாமல் உள்ளே போகமுடியாது, இதுவும் அப்படித்தான். சின்னது விழுந்தால் பெரியதில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் கார் அசையாது.

சின்னப் பற்றரி பலமிழந்தால் வரும் அறிகுறிகளைக் கவனியுங்கள். காலையில் பட்டனை அழுத்தியதும் உள்ளே டிக்டிக் என்று சத்தம், திரை மங்கி மங்கி எரிவது, கதவுப் பூட்டு சோர்ந்து வேலை செய்வது, சாவி காருக்குள் இருந்தும் சாவியில்லை என்று சொல்வது, மணிக்கூடு பூச்சியத்துக்குப் போவது. இவற்றோடு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து எச்சரிக்கை வெளிச்சங்கள் ஒரே நேரத்தில் எரிந்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது இந்தப் பற்றரியில்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு ரீச்சரின் காருக்கு இப்படித்தான் நடந்தது. பெரிய பற்றரியை மாற்றச் சொல்லி விலையும் பேசிவிட்டார்கள். அவர் இன்னொரு இடத்தில் காட்டினார். அங்கே ஒரு மல்ட்டிமீற்றரை எடுத்து, சின்னப் பற்றரி 11 வோல்ட்டுக்குக் கிட்ட நிற்பதைக் காட்டினார்கள். அதை மாற்றியபிறகு கார் ஒழுங்காக ஓடுகிறது.

அந்த மல்ட்டிமீற்றர் சின்ன விலைக்குக் கிடைக்கும், ஒன்று வாங்கி வையுங்கள். இரவு முழுக்க நின்ற காரில், ஓஃப் நிலையில் 12.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நல்லது. 12க்குக் கீழே என்றால் பற்றரி வெறுமையாகிவிட்டது. பிறகு ‘ரெடி’ போட்டுப் பாருங்கள். 14 வோல்ட்டுக்குக் கிட்ட ஏறவேண்டும். இந்த ஹைபிரிட் கார்களில் ஒல்ரனேற்றர் இல்லை. பெரிய பற்றரியின் மின்சாரத்தை 14 வோல்ட்டாகக் குறைத்துச் சின்னதுக்குக் கொடுக்கும் டிசி-டிசி கன்வேர்ட்டர்தான் அந்த வேலையைச் செய்கிறது. ‘ரெடி’ எரிந்தும் 12லேயே நின்றால் புதுப் பற்றரி போட்டாலும் சில நாளில் திரும்ப நிற்பீர்கள். கன்வேர்ட்டரையும் அதன் ஃபியூஸையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாற்றும்போது கவனம். அக்வாவில் இந்தப் பற்றரி பின்சீட்டுக்கு அடியில், பிரியஸில் டிக்கியின் ஓரத்தில், அதாவது நீங்கள் மூச்சு விடும் இடத்தில் இருக்கிறது. சாதாரணப் பற்றரி சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வெளிவிடும். அதற்காகத்தான் அடைத்த ஏஜிஎம் வகைப் பற்றரியும், வாயுவை வெளியே கொண்டுபோகும் சின்னக் குழாயும் வைத்திருக்கிறார்கள். விலை குறைவென்று சாதாரண பற்றரியைத் திணித்துக் கட்டிவிடுவதை ஒருபோதும் விடாதீர்கள். அந்தக் குழாயைத் திரும்பச் செருகினார்களா என்று குனிந்து பாருங்கள்.

இந்தப் பற்றரியைக் கொல்வது பெரும்பாலும் எங்கள் பழக்கங்கள்தான். பள்ளிக்கூட வாசலில் பிள்ளை வரும்வரை ‘ரெடி’ போடாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் முழுப் பாரமும் சின்னதில். காத்திருக்கவேண்டுமென்றால் ‘ரெடி’ போட்டு பார்க்கில் வையுங்கள். எஞ்சின் தேவைக்கு ஏற்பத் தானே எழும்பும், தானே அடங்கும். மூடிய கராஜுக்குள் மட்டும் அப்படிச் செய்யவே கூடாது. கார் சத்தமில்லாமல் நிற்பதால் ஓஃப் என்று நினைத்து வீட்டுக்குள் போய்விடுவோம்; பிறகு எஞ்சின் எழும்பி நச்சுவாயு சேரும். ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

ஜப்பான் செற்றைக் கழற்றிவிட்டு அன்ட்ரொயிட் செற் போட்டிருந்தால், பின்னுக்குக் கமரா, அலாரம், ஜிபிஎஸ் எல்லாம் பூட்டியிருந்தால், அவற்றில் ஏதோவொன்று இரவு முழுக்க மின்சாரம் குடிக்கும். பற்றரி அடிக்கடி இறங்கினால் ஓட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கார் நிற்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். சாவியைக் காருக்குப் பக்கத்து யன்னலோரம் தொங்கவிடவும் வேண்டாம். காரும் சாவியும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு இரண்டின் பற்றரியும் இறங்கும். லண்டன், கனடா என்று இரண்டு மாதம் போகிறவர்கள் வாரம் ஒருமுறை யாரையாவது காரை வெளியே எடுத்து ஒரு மணித்தியாலம் ஓடச் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஜம்ப் பண்ண வேண்டி வந்தால் பின்பக்கத்தைப் பிரிக்கத் தேவையில்லை. அக்வாவிலும் பிரியஸிலும் பொனற்றுக்குள், ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடி போட்ட முனை ஒன்று இதற்காகவே இருக்கிறது. சிவப்பு வயர் அதில், கறுப்பு வயர் பெயின்ற் இல்லாத உலோகத்தில். சிவப்பும் கறுப்பும் மாறினால் ஒரு நொடியில் ஃபியூஸ் போகும், சிலவேளை இன்வேர்ட்டரே போகும். அதனால் உதவிக்கு ஓடிவரும் தம்பிமாரிடம் வயரைக் கொடுக்கும் முன் நீங்களே நின்று பாருங்கள். இன்னொன்று: உங்கள் ஹைபிரிட்டால் லொறியையோ வானையோ ஜம்ப் பண்ணிக் கொடுக்காதீர்கள். மனம் வருந்தினாலும் மறுத்துவிடுங்கள், இந்தச் சின்னப் பற்றரி அதற்குச் செய்ததில்லை.

ஏசி கடையில் தொடங்கும் கோளாறு

இதை எங்கள் பக்கத்தில் அநேகமானோர் அறிவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாதாரணக் காரில் ஏசி கம்பிரசரை எஞ்சின் பெல்ற் சுற்றும். டொயோட்டா ஹைபிரிட்டுகளில் கம்பிரசருக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. அது பெரிய பற்றரியின் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. குளிர்வாயுவோடு சேர்ந்து சுற்றும் எண்ணெய் அந்த மோட்டாரின் சுருள்களையும் நனைக்கும். ஆகவே அந்த எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாததாக இருக்கவேண்டும். இதற்கென்று என்டி-11 என்ற வகை எண்ணெய் இருக்கிறது. வீதியோர ஏசி கடையில் எல்லாக் காருக்கும் ஊற்றும் பிஏஜி எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றினாலும் மின்காப்புக் குறைந்துவிடும். காரின் கம்பியூட்டர் உயர் மின்னழுத்தம் கார் உடம்புக்குக் கசிகிறதா என்று எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும். கசிவைக் கண்டால் பி0ஏஏ6 என்ற கோட்டைப் போட்டு எச்சரிக்கும். ஒருமுறை ஓஃப் பண்ணினால் திரும்ப ‘ரெடி’ தராமலும் விடலாம்.

பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. கேஸ் அடித்துச் சில நாள் கழித்துக் கார் நிற்கும், பழி பெரிய பற்றரியில் விழும். அதனால் ஏசி வேலைக்குப் போகும்போது “இது ஹைபிரிட், எலெக்ட்ரிக் கம்பிரசர், என்ன எண்ணெய் ஊத்துறீங்கள்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். மற்றக் கார்களுக்குப் பாவித்த அதே மெசினின் குழாயில் மிஞ்சிய எண்ணெயும் உள்ளே போகலாம் என்பதால், ஹைபிரிட் வேலை செய்து பழகிய இடத்தை மட்டும் தேடுங்கள். பதில் தடுமாறினால் காரைத் திருப்புங்கள். வேர்வையோடு வீட்டுக்குப் போவது பரவாயில்லை.

இதே பி0ஏஏ6 கோட்டுக்குப் பின்னால், டொயோட்டாவில் இன்னொரு மூன்றிலக்க எண்ணும் வரும். பழைய பிரியஸ் வகைகளில் 611 என்றால் ஏசி பக்கம், 612 என்றால் பற்றரி பக்கம், 613 என்றால் கியர்பெட்டி மோட்டார் பக்கம். அந்த எண்ணைப் பார்க்காமல் “பற்றரிதான்” என்று சொல்பவரை நம்பவேண்டாம்.

காற்று, கூலண்ட், தண்ணீர்

பெரிய பற்றரிக்குச் சூடு ஆகாது. அதைக் குளிரவைக்கும் ஃபான், நீங்கள் இருக்கும் இடத்துக் காற்றைத்தான் இழுக்கிறது. பின்சீட்டுக்கு அடியில் அல்லது பக்கத்தில் ஒரு சின்ன வலைத்தட்டு இருக்கும், தடவிப் பாருங்கள். எங்கள் ஆட்கள் கார் வாங்கியவுடன் செய்யும் முதல் வேலை சீட் கவர் போடுவது. அது பல கார்களில் இந்த வலையை மூடிவிடுகிறது. அதன்மேல் பள்ளிப் பை, பாய், மீன் பெட்டி. யாழ்ப்பாணத்துச் செம்மண் தூசியும் பருத்தித்துறைக் கடற்காற்றும் சேர்ந்து வலைக்குப் பின்னால் தும்பு மாதிரி அடைத்து நிற்கும். பின்பக்கம் ஃபான் பெரிய சத்தமாகச் சுற்றினால் கார் உங்களிடம் சொல்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு சேர்விஸிலும் அந்த வலையையும் ஃபானையும் துப்புரவாக்கச் சொல்லி, செய்ததைக் கண்ணால் பாருங்கள்.

பெரிய பற்றரிக்கு இப்படி என்றால், இன்வேர்ட்டருக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி. பிரியஸிலும் அக்வாவிலும் அதற்கு எஞ்சினின் கூலண்ட் தாங்கியல்லாத தனித் தாங்கி ஒன்று உண்டு. மெக்கானிக்கே சிலவேளை அதை மறந்து எஞ்சின் தாங்கியை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். அதன் அளவு இரண்டு கோடுகளுக்கும் இடையில் நிற்கவேண்டும். அந்தக் கூலண்டைச் சுற்றும் சின்ன மின்பம்ப் பழுதானால் இன்வேர்ட்டர் சூடாகி, மேட்டில் ஏறும்போதோ உச்சிவெயிலில் நெரிசலில் நிற்கும்போதோ பவர் போகும். ஆறிய காரில் ‘ரெடி’ போட்டு, அந்தத் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தால் கூலண்ட் அசைந்து ஓடுவது தெரியும். அசைவே இல்லையென்றால் பம்பைச் சந்தேகியுங்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிற்பாட்டும்போது, மூடியைத் திறக்காமல், அளவை மட்டும் ஒருக்காப் பாருங்கள். குறைந்திருந்தால் கிணற்றுத் தண்ணீர் விடவேண்டாம். எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் உள்ளே படிந்துவிடும். சரியான கூலண்ட் ஒரு போத்தல் டிக்கியில் கிடக்கட்டும்.

மாரியில் வெள்ளத்துக்குள் காரை இறக்காதீர்கள். இறங்கி உள்ளே தண்ணீர் வந்துவிட்டால் பட்டனை அழுத்திப் பார்க்காமல் கேரியரைக் கூப்பிடுங்கள். வெள்ளம் இல்லாமலும் ஈரம் சேரும்: பின் லைற்றைச் சுற்றிய ரப்பர் வெடித்து டிக்கிக்குள் ஒழுகும். கம்பளத்தில் பூஞ்சண மணம் வந்தால் அசட்டையாக விடவேண்டாம், பற்றரி அங்கேதான் இருக்கிறது. எலியும் அப்படியே. வேலியோரம் பல நாள் நிற்கும் காரில் எலி ஏறி வயரைக் கடித்து, ஃபானுக்குள் கூடும் கட்டும்.

வெசல், ஃபிற் வைத்திருக்கும் தங்கச்சிமாருக்கு ஒரு வரி. உங்கள் காரில் இருப்பது பெரும்பாலும் இரட்டைக் கிளச் கியர்பெட்டி. கடுகண்ணாவ ஏற்றம் மாதிரி இடத்தில் நெரிசலுக்குள் ஊர்ந்தால் அது சூடாகிப் பவரைக் குறைக்கும். அக்சிலேட்டரால் காரைப் பிடித்து வைக்காமல், பிரேக்கில் நின்று, முன்னால் இடைவெளி விட்டு ஒரேயடியாக நகருங்கள்.

எல்லா ஹைபிரிட்டுக்கும் இன்னும் இரண்டு. நெரிசலில் நியூட்ரலில் போட்டு நிற்கவேண்டாம்; டொயோட்டாவில் நியூட்ரலில் எஞ்சின் ஓடினாலும் பெரிய பற்றரிக்குச் சார்ஜ் ஏறாது, ஏசி அதைக் குடித்து முடித்துவிடும். பெற்றோலைக் கடைசிச் சொட்டு வரை ஓட்டவும் வேண்டாம். 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் ஓட்டினோம், வேறு வழியிருக்கவில்லை. ஆனால் பெற்றோல் முடிந்தபின் பற்றரியில் இழுத்துக்கொண்டு போனால், எஞ்சினைச் சுற்றவே மின்சாரம் இல்லாத நிலை வரும். வீதியோரத்து ஒரு போத்தல் பெற்றோல் போதாமலும் போகும். இன்னும் கூடுதலாக விடவேண்டும்.

கராஜில் நீங்கள் கேட்கவேண்டியவை

ஸ்கானரைப் போட்டவுடன் “கோட்டை அழிச்சு விட்டுட்டன், இனிப் பிரச்சினையில்லை” என்று சொன்னால் அது வைத்தியம் இல்லை. அழிக்கும் முன் எல்லாக் கோட்டையும், கோளாறு நடந்த நொடியில் பதிவான அளவுகளையும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அழித்துவிட்டால் அடுத்தவர் இருட்டில்தான் தேடவேண்டும்.

பி0ஏ80 என்ற கோட் வந்தால் பெரிய பற்றரியை மாற்றுவது பற்றிக் கதைக்கலாம். அப்போதும் ஒவ்வொரு ப்ளொக்கின் வோல்ட்டையும் ஓடவைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிரியஸில் 28 துண்டுகளை இரண்டிரண்டாக 14 ப்ளொக்காகக் கம்பியூட்டர் பார்க்கிறது. ஒன்று மட்டும் பாரத்தில் மற்றவற்றைவிடச் சட்டென்று விழுந்தால் அந்தத் துண்டு தளர்ந்துவிட்டது. கடற்கரை ஊர்களில் துண்டுகளை இணைக்கும் செப்புப் பட்டைகள் பச்சையாகிக் களிம்பு பிடித்து, அதனாலும் பிழையான வோல்ட் காட்டலாம். துப்புரவாக்கிப் பார்த்தபின் முடிவெடுக்கச் சொல்லுங்கள். இரண்டு துண்டை மட்டும் மாற்றுவது மலிவுதான், ஆனால் மிஞ்சிய துண்டுகளுக்கும் அதே வயது என்பதை நினைவில் வையுங்கள். காரை விற்கப் போகிறீர்கள் என்றால் வேறு. பிள்ளைகளோடு ஏ9 வீதியில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் முழுப் பற்றரியும் எழுத்தில் உத்தரவாதமும்தான் என் விருப்பம்.

பாவித்த கார் வாங்கும்போது ‘கோட் அழித்தபின் ஓடிய தூரம்’ என்ற அளவை ஸ்கானரில் பாருங்கள். சின்னத் தூரமாக இருந்தால் உங்களுக்குக் காட்டுவதற்காகவே அழித்திருக்கலாம். ஓட்டிப் பார்க்கும்போது திரையில் பற்றரிச் சார்ஜைக் காட்டும் கோடுகள் சில நிமிடத்துக்குள் உச்சிக்கும் அடிக்கும் பாய்ந்தால் அந்தப் பற்றரி மெலிந்துவிட்டது. டொக்டர் பிரியஸ் என்ற ஆப்பும் சின்ன புளூடூத் கருவியும் இருந்தால் டொயோட்டாவில் இவற்றை நீங்களே பார்க்கலாம். பார்த்து முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடுங்கள், அதுவும் சின்னப் பற்றரியைக் குடிக்கும். திருப்பி அழைத்த திருத்த வேலைகள் செய்யப்பட்டனவா என்பதைக் காரின் சேசிஸ் நம்பரைக் கொண்டு ஜப்பான் நிறுவனங்களின் இணையத்தளத்தில் பார்க்கமுடியும். பிரியஸ் 2009 முதல் 2014 வரையான வகை என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். இன்வேர்ட்டர் சூட்டால் பழுதாகும் பிரச்சினைக்காக 2014 பெப்ரவரியில் அந்த வகையில் 19 இலட்சம் கார்களை அழைத்தார்கள், 2018இல் வந்தது அதன் தொடர்ச்சி.

தொடவே கூடாதது

உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் வயர். அவ்வளவுதான். பொனற்றுக்குள்ளோ காருக்கு அடியிலோ அந்த நிற வயரைக் கண்டால் கை வைக்கவேண்டாம், யாரையும் வைக்க விடவேண்டாம். கார் ஓஃப் ஆனபின்னும், பெரிய பற்றரியின் பாதுகாப்புப் பிளக்கைக் கழற்றியபின்னும், கெப்பாசிற்றரில் மின்சாரம் இருக்கும். பயிற்சி பெற்றவர்களே அதற்குப்பின் 10 நிமிடம் பொறுத்துத்தான் தொடுவார்கள். ரப்பர் கையுறை இல்லாமல், வெறுங்காலோடு பற்றரியைப் பிரிக்கத் தொடங்கும் பெடியனைக் கண்டால் நிற்பாட்டுங்கள். அவனும் யாரோ ஒரு தாயின் பிள்ளை.

கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். முன்சில்லு நிலத்தில் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் பிறப்பிக்கும். கேரியரில் முழுதாக ஏற்றவேண்டும், இல்லாவிட்டால் முன்சில்லு இரண்டையும் தூக்கவேண்டும். இன்சூரன்ஸில் இந்தச் சேவை இருக்கிறதா, உங்கள் ஊர் வரை வருவார்களா என்று இப்போதே கேட்டு, அந்த நம்பரைப் போனிலும் ஒரு கடதாசியிலும் எழுதி வையுங்கள்.

காரில் கிடக்கவேண்டியவை: முக்கோணப் பலகை, டோர்ச், போன் சார்ஜ் பண்ணும் பவர்பாங்க், சின்ன ஜம்ப் ஸ்டார்ட்டர், மல்ட்டிமீற்றர், கூலண்ட், குடிதண்ணீர். ஜம்ப் ஸ்டார்ட்டரை டிக்கியில் வைக்காதீர்கள். சின்னப் பற்றரி செத்தால் பிரியஸின் டிக்கி பட்டனுக்குத் திறக்காது. டாஷ்போர்ட் லாச்சிக்குள் வையுங்கள்.

சின்னப் பற்றரி செத்தபின் காருக்குள் ஏறுவதற்கு ஸ்மார்ட் சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவிதான் வழி. பக்கத்தில் இருக்கும் சின்னக் கொளுக்கியைத் தள்ளி இழுத்தால் வெளியே வரும். இன்றைக்குப் பின்னேரமே அதை எடுத்து டிரைவர் பக்கக் கதவை ஒருமுறை திறந்து பாருங்கள். பல கார்களில் அந்தப் பூட்டை ஜப்பானை விட்டு வந்தபின் யாரும் பாவித்ததே இல்லை, உள்ளே இறுகியிருக்கும். இறுகியிருந்தால் கொஞ்சம் கிராஃபைட் தூள் போட்டு, சுலபமாகத் திரும்பும்வரை மெதுவாகத் திருப்பிப் பழக்குங்கள்.